கொக்கி மாட்டாத மேஸ்திரி

அப்பா,

பிப்ரவரி 14, காலை 6.40. நான் நடத்தும் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய மூன்று மாதத்தில், உருக்காலைத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் கவனித்து, பாதுகாப்புத் தவறுகளைக் குறித்து எழுதிய அட்டைகள் 312. மேஸ்திரியான உங்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு அது பெருமை. "படிக்க வச்சேன், ஆள்காட்டியா வந்து நிக்கிறான்!" என்று தேநீர் அறையில் என்னைக் காட்டிச் சிரித்தீர்கள்.

நேற்று பனி உறைந்த கூரையில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கயிற்றில் மாட்டாமல் நடந்தீர்கள். பின்னால் வந்த தம்பி ஜாண்டோஸும் மாட்டவில்லை. விழுந்தது அவன்.

கரகண்டா நகர ஆஸ்பத்திரியில், "ஏன்டா மாட்டல?" என்று கேட்டேன்.

"அப்பாவே மாட்டல. அவர் கண்ணு முன்னால நான் மாட்டினா, அவரைவிட என் உயிர் பெருசுன்னு சொன்ன மாதிரி ஆகாதா அண்ணா?"

இதுதான் நீங்கள் வளர்த்த மரியாதை. ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டது தம்பிக்கு இன்னும் தெரியாது. பூட்ஸ் கேட்கிறான்.

இனி நான் செய்யப்போவது:

1. எட்டு மணிக்குக் கூரை ஏணியடியில் நிற்பேன்.

2. கொக்கி மாட்டாமல் ஏறினால் எல்லார் முன்னாலும் உங்களைத் தடுப்பேன். 313வது அட்டையை என் பெயர் போட்டே எழுதுவேன்.

3. சாயங்காலம் தம்பிக்கு ஒற்றை பூட்ஸ் கொண்டுபோவேன். இன்னொன்று எங்கே என்று அவன் கேட்கும்போது, பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் மூத்த மகன்