நிறுத்தச் சொன்ன ஊசி

போன வாரம் ஆம்பூர் தாண்டும்போது பஸ்ஸுக்குள் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் ஏறியது. உன் அண்ணன் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீ ஒருநாளும் பொத்தியதில்லை, மகளே. பொறுமைசாலி என்று ஊரெல்லாம் உன்னைப் பெருமை பேசினேன்.

பத்தொன்பது வயதாகியும் நீ வயசுக்கு வரவில்லை. வேலூரில் ஒரு டாக்டரம்மா உன் கண்ணைக் கட்டி, மூக்கருகே காபித்தூளை நீட்டினார். "இன்னா டாக்டரம்மா, கையில ஒண்ணுமே இல்லியே?" என்று சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. ஓர் ஊசி போட்டு, விட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்த மருந்துக்குப் பதில் சொல்லவேண்டுமாம். சொல்லவில்லை.

"அது சாகலம்மா, தூங்குது. இதுவரைக்கும் மூளை அதை எழுப்பவே இல்ல," என்றார். "வாசனை தெரியாததும் இதோட சேர்ந்த குறைதான். கேஸ் அடுப்புகிட்ட மட்டும் பொண்ணைத் தனியா விடாதீங்க."

இடுப்பில் சின்ன மிஷின் கட்டி, அதே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். சில வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது சுரப்பி பதில் சொன்னது. அப்புறம் உனக்குத் தீட்டும் வந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

சேதி கேட்டதும் உன் அத்தை குடியாத்தத்திலிருந்து வந்து இறங்கினாள். மஞ்சள் நீர் ஊற்றி, அடுத்த முகூர்த்தத்திலேயே தன் மகனுக்கு உன்னைக் கட்டிவைத்தாள். மிஷினை அவிழ்க்கச் சொன்னவளும் அவள்தான்.

"வயசுக்கு வந்தாச்சு இல்ல அண்ணி, இன்னும் எதுக்கு ஊசி? ஒரு தபா வந்தா வந்ததுதான்."

"நிறுத்தினா மறுபடி தூங்கிடுமாம். இவளுக்கு வாசனையும் தெரியாது. கேஸுகிட்ட தனியா விடக்கூடாதாம்."

"சளி புடிச்சவ எல்லாம் சமைக்கிறதில்லையா?"

உன் அப்பா தன் தங்கச்சி சொன்னதற்கே தலையாட்டினார். மிஷின் பீரோவுக்குள் போனது. தீட்டு நின்றது. அவள் உன்னை மலடி என்று கூப்பிட ஆரம்பித்தாள். சமையல்கட்டு முழுக்கக் கேஸ் பரவியிருந்த ஒரு காலையில், நீ தனியாக நின்று தீக்குச்சி கிழித்தாய்.

"வாசனை தெரியாதுன்னு யாரும் சொல்லலியே," என்று சாவு வீட்டில் உன் அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவள் படுத்த படுக்கை. என்னைப் பார்க்கவேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறாள். "போய்ட்டு வா, பாவம்," என்கிறான் உன் அண்ணன்.

நாளைக்குப் போகிறேன். மிஷினை அவிழ்த்த அன்றைக்கு நான் சொன்னது தன் காதில் விழுந்தது என்று அவள் வாயாலேயே கேட்கவேண்டும். அதுவரைக்கும் அந்த வாயில் யாரையும் பால் ஊற்ற விடமாட்டேன்.