ஒரே வீட்டில் இரண்டு தாமஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, இவான் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே கார்லைல் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் வம்ச வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். வேலை முடிந்தால் பேச்சுத்துணைக்கு ஆளில்லையே. நம் வம்சத்தில் முதலில் இந்த ஊரிலிருந்து நம் நியூசிலாந்துக்குக் கப்பலேறிய தாமஸின் ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்துப் பெருமையாக நீட்டினேன். சங்கச் செயலாளர் வினிஃப்ரட் அம்மாள் கல்லறைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"மூணு மாசத்துல செத்த கொழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சு, ஏழு புள்ளையும் குடுத்துட்டியேப்பா! அந்தக் காலத்துல செத்த புள்ள பேரையே அடுத்ததுக்கு வெச்சிடுவாங்க. உங்காளு ரெண்டாவது தாமஸ்."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் நீல் அண்ணன் நினைவு வந்தது. அவன் தொட்டிலிலேயே போன மறுவருஷம் நான் பிறந்தேன். அவன் பெயரை அவனுக்கே விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு பெயர் தேடி வைத்தீர்கள். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூடவே அவன் புகைப்படம் ஒன்றும். நான் வரையும் வம்ச மரத்தில் என் பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இத்தனை நாள் 'ஒரே மகன்' என்று கையெழுத்திட்டது தப்பு.

உங்கள் இளைய மகன்,
இவான்