இருப்பிடம் தெரியவில்லை

செம்மண்டலம், கடலூர்
ஜூன் 9

அன்பு இளவரசுக்கு,

உத்திராபதி எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. ஐந்து மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம், இதை மட்டும் கடைசிவரை படி. உன் மேல்முறையீடு இருபத்திரண்டாம் தேதி வருகிறதென்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

வெள்ள நிவாரணப் பட்டியலில் செத்தவர்கள் பெயரைச் சேர்த்தாய் என்பது உன்மேல் வந்த புகார். சேர்த்தாயா இல்லையா, எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்க வேண்டியவர்களும் உன்னைக் கேட்கவில்லை. விசாரணைக்கு நீ வரவில்லை என்று ஒருதலையாக முடித்து, வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான்.

விசாரணைக்கு முன்பு ஒருநாள் சாயங்காலம் நம் மேலதிகாரி சுப்பிரமணியன் சார் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். இளவரசு வூடு பூட்டிக் கெடக்குது, விசாரணை நோட்டீஸை கதவுல ஒட்டியாச்சி, சாட்சிக் கையெழுத்து ஒண்ணுதான் கொறையுது, போட்டுக் குடுத்துடுப்பா என்றார். ‘வீட்டு மரக்கதவில் ஒட்டப்பட்டது. அலுவலரின் இருப்பிடம் தெரியவில்லை’ என்று டைப் அடித்திருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் சிதம்பரம் ஆஸ்பத்திரியில், உன் மனைவி அருள்மொழியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னோடு டீ குடித்துவிட்டு வந்திருந்தேன். உனக்காக வாயைத் திறந்தால் என்னையும் அந்த ஃபைலில் இழுத்துவிடுவார்களோ என்று பயம். வேறு காரணம் இல்லை.

நோட்டீஸுக்குத் தெரியாத, நீ தங்கியிருந்த சிதம்பரம் வீட்டு விலாசம், பணிநீக்க உத்தரவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அருள்மொழியின் காரியத்தன்று தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தாராமே. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். காகிதம் கிழிந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். இன்னா, வூடு வாங்கப் போறீங்களா என்று என் மனைவி கனிமொழி கேலி செய்கிறாள். 

போன வெள்ளிக்கிழமை உன் பழைய வீட்டுக்கே போனேன். வாசலை அடைத்து, நீ குடியிருந்தபோதே போட்ட இரும்பு கிரில், அதில் பூட்டு. பூட்டைத் திறக்காமல் மரக்கதவைத் தொடக்கூட முடியாது. எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டேன். நானு எந்நேரமும் வாசல்லதான் இருப்பேன், ஒருத்தரும் வந்து ஒட்டலியே என்றார். தேவைப்பட்டால் அதைச் சொல்ல அவர் வருவார். பிறகு, அருள்மொழி நல்லாருக்குதா தம்பி என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடியும் பொய்ச்சாட்சி. தெருமுனை வரைக்கும் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடு. உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ சொல்வதை ஒருமுறையாவது கேட்கட்டும். அதற்குப் பிறகு முடிவு எதுவானாலும் ஆகட்டும். கூப்பிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. என் வேலை போனாலும் கவலையில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. கவலையாகத்தான் இருக்கிறது. அதனால் நான் மனசு மாறுவதற்குள் இதைக் கொடுத்துவிடு, இளவரசு.

இப்படிக்கு,
அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட
உத்திராபதி