இரண்டு ஆட்டத்து ராணி

7 ஜன., செவ்வாய்

பனி. துணி காயவே இல்லை. வாங்க வேண்டியது: வெல்லம், ஏலக்காய், சுண்ணாம்பு, திரி.

துணி வெளுக்கும் முனியம்மா வந்தாள். மூட்டையில் என் வீட்டுக்காரருடைய கோடு போட்ட சட்டை. நான் வெளுக்கப் போடாத சட்டை. “ஆறாம் பிளாக்கு டெலிபோன் அம்மா துணியோட கெடந்திச்சிம்மா. காலர்ல உங்க வூட்டுக் குறி இருந்திச்சி. எப்பிடியோ கலந்துட்டுதுன்னு எடுத்தாந்தேன்.” உபகாரம் செய்த சந்தோஷம் அவளுக்கு. நானும் வாங்கி மடித்து வைத்தேன்.

டெலிபோன் அம்மா என்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் மரகதம். தனிக்கட்டை. என் கையால் காப்பி வாங்கிக் குடித்தவள்.

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் கேட்டேன். “நாடக ரிகர்சல்ல கழட்டி வெச்சது. யாராவது மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாங்க.” பொய்யையும் வசனம் போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

9 ஜன., வியாழன்

கிளப் செக்ரட்டரி வந்தார். பொங்கல் நாடகத்தில் ராணி வேஷத்துக்குப் பேசி வைத்த கடலூர் நடிகைக்கு அம்மையாம். “நீங்கதாங்க காப்பாத்தணும். சாருக்கு வசனம் சொல்லிக் குடுத்தே உங்களுக்கு மொத்தமும் பாடமாச்சே.”

ராஜா வேஷம் என் வீட்டுக்காரர். கதை இது: மாமனார் நாட்டுக்கு மருமகனாக வந்து முடிசூடிய ராஜா, ஒரு நடனக்காரியிடம் போகிறான். ராணி சபை கூட்டி அவனை நாடு கடத்துகிறாள்.

சரி என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! செக்ரட்டரி முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

14 ஜன., பொங்கல்

அப்பா நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்போடு வந்தார். அடுப்படியில் வைத்து எல்லாம் சொன்னேன். கரும்புத் தோகையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: “நம்ம ஊரு இருந்திருந்தா இப்பவே இட்டுகினு போயிருப்பேன். நானே உன் தங்கச்சி வூட்டுல ஒண்டிகினு கெடக்கறேன். எங்கன்னு கூப்பிடுவேன், சொல்லு?”

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப் போய்விட்டது. எடுத்த நிலத்துக்குப் பதிலாகச் சுரங்கத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத அப்பா அதை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த வேலையால் வந்ததுதான் இந்தக் குவார்ட்டர்ஸ். பேர் மட்டும் என் வீட்டுக்காரருடையது.

மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை அப்பா. கரும்பு நறுக்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அப்பாமேலும் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

16 ஜன., வியாழன்

காற்று. ஜரிகைப் புடவை, அட்டைக் கிரீடம், நெற்றியெல்லாம் அரிப்பு.

கடைசிக் காட்சி. “இது என் தந்தை தந்த மண். இதில் நிற்க உமக்கு உரிமையில்லை. வெளியேறும்!” என் குரலா அது? அவருக்கு வசனம் மறந்துவிட்டது. நிஜமாகவே தலைகுனிந்து மேடையை விட்டு இறங்கினார். ஒரே கைதட்டல். முன் வரிசையில் இருந்த மரகதம் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குக் கை வீசி நடந்து வந்தேன். சோறு பரிமாறவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார். இன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

18 ஜன., சனி

குழாயடியில் எல்லோரும் “ராணியம்மா, மொதல்ல நீங்க புடிங்க” என்றார்கள். வெட்கம்.

அன்று ஷிப்டில் இருந்தவர்களுக்காக நாளை இரண்டாம் ஆட்டம். எப்போதும் அப்படித்தான். சாயங்காலம் அவர் ஒரு காகிதம் நீட்டினார். முடிவை மாற்றியிருக்கிறார். ராணி மன்னித்து, ராஜாவின் காலைத் தொட்டு, அவனை அரியணையில் உட்கார வைக்கிறாள். “ஜனங்க மனசு நெறஞ்சி போவணும்ல. செக்ரட்டரியும் சரின்னுட்டாரு.”

மாட்டேன் என்றேன்.

“அப்ப உங்கப்பன் வூட்டுக்குப் போ.”

எந்த வீடு? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அழுதேன். பிறகு உலையில் அரிசி போட்டேன். கொதிப்பதற்குள் வசனம் பாடமாகிவிட்டது. பாழாய்ப் போன ஞாபகசக்தி.

19 ஜன., ஞாயிறு

மேகமூட்டம். தலைவலி. கிரீடம் ஒரு பக்கம் கிழிந்து ஒட்டுப் போட்டோம்.

சொல்லிவிட்டேன். “தங்களை மன்னித்தேன், பிரபு.” குனிந்து காலையும் தொட்டேன். முதல் ஆட்டத்தைவிடக் கைதட்டல் அதிகம். மரகதம் இந்தத் தடவை கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்டினாள்.