சிலந்திக்குத் தாளாளர் பெயர்

தை 9, வெள்ளி.

பாபநாசத்தில் எங்கள் வாழைக்கொல்லையில், காய்ந்த மட்டைக்கு அடியில் கிடைத்த சிலந்தி அது. வலை பின்னாது, ஓடித்தான் இரை பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண் எரிய உட்கார்ந்து, கால் முள் வரைக்கும் அளந்து, புது இனம் என்று எழுதி நிரூபித்தவள் நான். ஊர்ப் பெயரைத்தான் வைக்க நினைத்தேன். "தாளாளர் பேரை வைங்க மேடம், உங்க வேலை நிரந்தரமாயிடும்" என்று துறைத்தலைவர்தான் நச்சரித்தார். வைத்துத் தொலைத்தேன்.

கட்டுரை அச்சாகிவிட்டது. இன்று சிலந்தியின் படத்தை ஃபிரேம் போட்டு, பொன்னாடையோடு தாளாளரிடம் கொண்டுபோனோம். அவர் படத்தையே வெறித்துப் பார்த்தார்.

"இது எங்க தாத்தா பேரு. மாமனார் பேருன்னு எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் என்னைத் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுறாங்க. அதைப் போயி எட்டுக்கால் பூச்சிக்கு வச்சிருக்கீங்க?"

துறைத்தலைவர் முந்திக்கொண்டார். "நான் அப்பவே வேணாம்னேன் சார். மேடம்தான் கேக்கல."

பாவி. பொன்னாடை இன்னும் அந்த ஆள் கையில்தான் இருந்தது.

"பேரை மாத்துங்க" என்றார் தாளாளர். அச்சான பெயரை இனி யாராலும் மாற்ற முடியாது, அதுதான் விதி என்றேன்.

"அப்ப நீங்க திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம்."

வேலை நிரந்தரமாகும் என்றாரே துறைத்தலைவர். பூச்சியின் பெயர்தான் நிரந்தரமாகியிருக்கிறது.

இதை எழுதும்போது டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் அதே இனத்தில் ஒன்று சுவரோடு அப்பிக்கொண்டு கிடக்கிறது. தாளாளரின் அம்மா வாயில் வராத அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"போடா" என்றேன்.