இரண்டாவது சாவி

1982 ஜூன் 9, புதன்

ஐந்தருவியில் இன்றும் இரண்டு கிளையில்தான் தண்ணீர். வைகாசி முடியப்போகிறது, சாரலைக் காணோம். காலையிலிருந்து ஒரே சவாரி, தென்காசி ஸ்டேஷனிலிருந்து குத்துக்கல்வலசைக்கு. வந்தவர் ஒரு வாத்தியார். இறங்கும்போது கதவை அறைந்து சாத்தினார். என் அம்பாசடர் கதவு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். தென்காசி வட்டாரத்தில் வேறு எவனாவது இப்படிச் சொல்லட்டும் பார்க்கலாம்! வீட்டுக்கு வந்து குருவம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"கதவுக்கா இம்புட்டு கோவம்? சவாரி வரலையேன்னு கோவப்படுங்க" என்றாள். அதுவும் சரிதான்.

இந்த டைரியே என் வண்டிக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி கொடுத்தது. பொங்கலுக்குப் பெரிய முதலாளி தன் கையால் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கிறது. நான் எதை எழுதினாலும் அதற்கு மேலேதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் 14, திங்கள்

ஞானசம்பந்தம் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பெரிய முதலாளி சித்திரையில் காலமானதிலிருந்து கம்பெனியை மகன் இவர்தான் பார்க்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். உட்காரச் சொன்னார், காப்பி வந்தது. எல்லாம் மரியாதைதான்.

"அண்ணாச்சி, எட்டு மாசமா டியூ சரியா வரலையே?"

"அது சீசன் டியூ மொதலாளி. ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் மூணு பங்கு கெட்டுவோம். மத்த மாசம் கையில உள்ளதக் கெட்டுவோம். குத்தாலத்துல வண்டி ஓட்டுத எல்லாருக்கும் அப்பா இப்படித்தான் வச்சிருந்தாவ."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கே எழுதியிருக்கிறது? சாரல் விழுந்தால் கட்டுவான், விழாவிட்டால் அடுத்த சாரலுக்குக் கட்டுவான் என்று பெரியவருக்குத் தெரியும். அதற்கு ஒரு காகிதமா? ஆனால் காகிதம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எடுத்துக் காட்டினார். மாதாமாதம் சமமாகக் கட்டுவதாக அச்சில் இருந்தது. கீழே என் கையெழுத்து. அன்றைக்குப் படித்துப் பார்த்தேனா என்று நினைவில்லை. பெரியவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் ஆணி ஆணியாகச் சாவிகள். கடன் வாங்கி எடுத்த ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டாவது சாவி கம்பெனியில் இருக்கும், அது வழக்கம். என் வண்டி நம்பர் எழுதிய தகரத் துண்டு மூன்றாவது வரிசையில் தொங்கியது. அவர் பேசப் பேச நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15

ஸ்டாண்டில் என்னோடு வண்டி ஓட்டும் மசூதுவிடம் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வண்டி எடுத்தவர்கள். அவன் சிரித்தான்.

"ஏலே லிங்கம், நீ இன்னுமா பூட்ட மாத்தல? பெரியவருக்கு மாலை போட்ட மறுநாளே நான் திருநெல்வேலிக்குப் போய் மாத்திட்டேன்லா. இப்ப அவுங்ககிட்ட இருக்க சாவி காது குடையத்தான் ஆகும்."

நான் மாற்றவில்லை. மாற்றவும் போவதில்லை. அந்தச் சாவியைப் பெரியவர் கையில் கொடுத்தது நான். பூட்டை மாற்றினால் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? நாம் ஒழுங்காக இருந்தால் அவர்களும் ஒழுங்காக இருப்பார்கள்.

ஜூன் 22

பலவேசம் என்று ஒருவன் ஜீப்பில் வீட்டுக்கு வந்தான். கம்பெனிக்கு வசூல் பார்க்கிறவன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். சட்டை பொத்தானைக்கூட கழுத்துவரை போட்டிருந்தான். குருவம்மாளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான், "நல்லாருக்கு ஆச்சி" என்றான். கடனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. போகும்போது பானட்டில் ஒற்றை விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். தூசியில்லை.

"வண்டிய நல்லா வச்சிருக்கீய அண்ணாச்சி."

யார் சொன்னாலும் பூரித்துப்போகிறவன் நான். இவன் போனதும் விரல் பட்ட இடத்தைத் துணி போட்டுத் துடைத்தேன்.

ஜூன் 23

சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு தடவை.

ஜூலை 3, சனி

சாரல்! காலையிலேயே மலை தெரியவில்லை. நாலு சவாரி. சீசன் பிடித்துவிட்டால் ஒரு மாதத்தில் ஞானசம்பந்தம் முகத்துக்கு நேரே கட்டிவிடுவேன். ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. "எந்த வண்டி போனாலும் வாசலுக்கு ஓடுதீய. பேய் புடிச்ச மாதிரி இருக்கு" என்கிறாள் குருவம்மாள்.

ஜூலை 11, ஞாயிறு

போய்விட்டது.

ஜூலை 12

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதி முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

விருதுநகர்ப் பார்ட்டி. பலசரக்குக் கடைக்காரர், சம்சாரம், தகப்பனார், ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மெயின் அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். மாற்றுத் துணி, செருப்பு, மணிபர்ஸ் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். குற்றாலத்தில் எல்லாரும் செய்வதுதான். பாறை வழுக்கும் என்று நான் தகப்பனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வழக்கமாகவே அப்படித்தான் செய்வேன், தனியாகக் காசு கேட்பதில்லை.

அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஒரே இழுப்பில் பிடித்தது. அட, நம்ம வண்டி மாதிரியே இருக்கே, எவனோ நன்றாக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வந்து பார்த்தால் இடம் காலி. தரையில் நாலு சக்கரத்துக்கு நடுவே மட்டும் ஈரமில்லாமல் இருந்தது.

என் சொந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேனே, முட்டாப்பய! ஓடியிருந்தால் மறித்திருக்கலாமே!

அவர்கள் நாலு பேரும் சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அந்த அம்மா ஈரச் சேலையோடு கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். கடைக்காரர் என்னைத் திருடன் என்றே நினைத்தார். குழந்தைக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "டிரைவர் மாமா, என் மஞ்சக் கவுன் எங்க?" என்று கேட்டது.

மசூதுதான் வந்தான். அவர்களைத் தன் வண்டியில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிப்போய் உடுக்கக் கொடுத்து, தென்காசியில் வண்டியைக் கொண்டுபோன கம்பெனிக்குப் போய் சத்தம்போட்டு அவர்கள் சாமான் மூட்டையை வாங்கி, விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஒரு பைசா வாங்கவில்லை. மூட்டையில் எல்லாம் இருந்தன, மஞ்சள் கவுனைத் தவிர.

ஜூலை 14

மசூதும் டியூ பாக்கிக்காரன்தான், தன் வண்டியை ஒளித்து வைத்துவிட்டான். சுந்தரபாண்டியபுரத்தைத் தாண்டி அவன் மச்சானின் தோட்டம். மோட்டார் ரூமை ஒட்டி நிறுத்தி, மேலே வைக்கோலை அடுக்கினோம். கடைசிக் கட்டு வைக்கோலை நான்தான் தூக்கி வைத்தேன். "உனக்கும் எனக்கும் மட்டுந்தாம்ல தெரியும்" என்றான்.

ஜூலை 19, திங்கள்

ஞானசம்பந்தம் மறுபடி கூப்பிட்டார். மறுபடி காப்பி. அடுத்த திங்களன்று என் வண்டி ஏலத்துக்குப் போகிறதாம்.

"மசூது வண்டி எங்க நிக்கி அண்ணாச்சி?"

"தெரியாது மொதலாளி."

"உங்களுக்குத் தெரியாம இருக்காது. அது கிடைச்சா உங்க வண்டி அன்னைக்கே உங்க வீட்டு வாசல்ல நிக்கும். பாக்கிய மெல்லத் தீத்துக்கிடலாம்."

தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். பலகையில் மூன்றாவது வரிசையில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது.

ஜூலை 22

ஏலத்தில் போனால் யார் எடுப்பான்? எவனோ எடுப்பான். கதவை அறைந்து சாத்துவான். நான் பழையபடி எவன் வண்டிக்காவது கூலி டிரைவர். பதினோரு வருடம் அப்படி ஓட்டி, முதலாளி வீட்டுப் பின்வாசலில் சாப்பிட்டவன் நான்.

அந்த ஸ்டார்ட்டிங் சத்தம் காதுக்குள்ளேயே இருக்கிறது. ரேடியோ வைத்தாலும் கேட்கிறது.

ஜூலை 24, சனி

இதை உள்ளபடி எழுதுகிறேன்.

பலவேசம் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்தான். "சும்மா வாங்க அண்ணாச்சி, ஒண்ணும் பேச வேண்டாம்" என்றான். ஏறிக்கொண்டேன். எதற்கு ஏறினேன்? சுந்தரபாண்டியபுரம் போகிற வழியெல்லாம் சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. மசூதின் மச்சான் ஊர்வரை பலவேசத்துக்கே தெரிந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் பாதை பிரிகிறது. ஜீப்பை நிறுத்தினான்.

"வலமா, இடமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. இடது பக்கம் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை — இல்லை, வேண்டுமென்றுதான் பார்த்தேன்.

வைக்கோலைத் தள்ளினார்கள். பலவேசம் கம்பெனிச் சாவியைப் போட்டுத் திருப்பினான், திரும்பவில்லை. அதற்குள் யாரோ சொல்லி மசூது சைக்கிளில் வந்துவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பலவேசம் அவனைக் கண்டுகொள்ளாமல் என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க டிரைவர்தான? பாருங்களேன்."

பானட்டைத் திறந்தேன். பூட்டே வேண்டாமல் ஒயரை நேராகக் கொடுத்துக் கிளப்ப எனக்குத் தெரியும். கொடுத்தேன். உட்கார்ந்து எடுக்கவும் சொன்னான், உட்கார்ந்தேன்.

மசூது என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் வந்து குனிந்து, "ஏலே லிங்கம், கிளட்சு லேசா இழுக்கும். பாத்து ஓட்டுலே" என்றான்.

தென்காசி வரை அவன் கிளட்சைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

ஜூலை 25

வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. குருவம்மாள் சூடம் காட்டினாள். "எப்படிக் குடுத்தாவ?" என்று கேட்டாள். மனசு இரங்கிக் கொடுத்தார்கள் என்றேன்.

கழுவும்போது முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கவுன் கிடந்தது. விருதுநகரில் எந்தத் தெரு, என்ன பெயர்? ஒன்றும் கேட்டு வைக்கவில்லை. துவைத்துக் காயப்போட்டேன். "யாருது?" என்றாள் குருவம்மாள். சவாரி வந்தவர்கள் விட்டுப்போனது என்றேன். இரண்டு பொய் ஒரே நாளில்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

ஸ்டாண்டில் வரிசைப்படிதான் சவாரி. யார் முதலில் வந்து நிற்கிறானோ அவனுக்கு முதல் பார்ட்டி. எல்லாருக்கும் முந்திப் போய் நின்றேன். பார்ட்டி வந்ததும் ஸ்டாண்டுக்காரர்கள் எனக்குப் பின்னால் நிற்கிறவனிடம் கூட்டிப் போனார்கள். அடுத்த பார்ட்டி அவனுக்குப் பின்னால் இருந்தவனுக்கு. சாயங்காலம் வரை முதல் ஆளாகவே நின்றேன்.

ஆகஸ்ட் 9

இன்றும்.

செப்டம்பர் 17

மசூது புளியரை பக்கம் லாரிக்குப் போகிறானாம், கூலிக்கு. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான். நான் பேச வாயெடுத்தேன். அவன் நின்று கேட்டிருப்பான், அவன் அப்படிப்பட்டவன். அதனால்தான் நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 4

டியூவுக்குப் பணம் இல்லை. போய்ச் சொன்னேன். ஞானசம்பந்தம் கோபப்படவே இல்லை. "பணமாத்தான் குடுக்கணும்னு இல்ல அண்ணாச்சி. பலவேசத்துக்கு ஒரு நல்ல டிரைவர் வேணும்" என்றார். வீரகேரளம்புதூரில் ஒரு வேன். போய் எடுத்து வந்தேன். அந்த மாத டியூவில் கழித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு தடவைதான்.

நவம்பர் 20

இது நாலாவது.

1983 ஜனவரி 16

புது டைரி கொடுத்தார்கள். என்ன எழுத?

ஜூன் 19, ஞாயிறு

இந்த வருடம் சாரல் அமோகம். பத்து நாளாக வெயிலே இல்லை. பழைய குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். இப்படி ஒரு சீசன் போன வருடம் வந்திருந்தால் — சரி, வரவில்லை.

ஆதம் என்று ஒருவர், ஆறு மாதத்துக்கு முன்புதான் வண்டி எடுத்தவர். மூன்று டியூ பாக்கி. பலவேசம் ஜீப்பில் இருந்துகொண்டான், நான் மட்டும் இறங்கிப் போனேன். பூட்டை மாற்றவில்லை அவர். கம்பெனிச் சாவி வெண்ணெயில் போல இறங்கியது. கண்ணாடியை அன்று காலைதான் துடைத்திருக்கிறார். குளிக்க வந்த பார்ட்டியில் யாரையோ கையைப் பிடித்து அருவிப் பக்கம் கூட்டிப் போவது தூரத்தில் தெரிந்தது.

பின் சீட்டில் துணிகள். வேட்டி, இரண்டு சேலை, துண்டு, ஒரு சின்னப் பாவாடை சட்டை. செருப்பு எல்லாம் கீழே ஜோடி ஜோடியாக.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நனையாத இடமாகப் பார்த்து மடித்து வைத்தேன். செருப்புகளை ஜோடி மாறாமல் கீழே வைத்தேன். பாவாடை காற்றில் பறந்துவிடும் என்று அதன்மேல் ஒரு கல்லை வைத்தேன். பிறகு வண்டியை எடுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது.