பின்கதவு வழியாக ஏறியவர்கள்

பிப்ரவரி 3

என் வரைபடம் வேலை செய்துவிட்டது. பதினான்காம் எண் பஸ், காலை 5.20 நடை: சராசரி ஆறு பேர். ஏறும்போது பயணிகள் மெஷினில் காட்டும் கார்டின் ஆறு மாதப் பதிவுகள். கடைசிப் படத்தில் ஐம்பது இருக்கைகள், ஆறுக்கு மட்டும் சிவப்பு. பஸ் கம்பெனிக்காரர்கள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "எண்ணை அள்ளிக் கொட்டாம கதையா சொல்றே பாரு, அதுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார் என் மேலாளர். மாதக் கடைசியில் கம்பெனிக் குழு கூடி அந்த நடையை நிறுத்திவிடும்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போன பஸ் அது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா போன பஸ் என்பதற்காகக் கணக்கை மாற்ற முடியுமா?

பிப்ரவரி 4

அம்மாவிடம் சொன்னேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றும் மூலைக்கு மூலை அளந்துதான் மடிப்பாள். "ஆறு பேரா? உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" அடுத்த போர்வையை எடுத்துக்கொண்டாள். எனக்கும் கோபம். படித்த பெண் சொன்னால் நம்பமாட்டாளாம்.

பிப்ரவரி 10

வேறு வேலையாக டீசல் அட்டவணையைத் திறந்தேன். ஆறு பேரை ஏற்றும் 5.20 நடை, நாற்பது பேரோடு போகும் எட்டு மணி நடை அளவுக்குக் குடிக்கிறது. காலி வண்டி, பிறகு எப்படி? இஞ்சின் கோளாறோ என்று பணிமனை மெக்கானிக்கைக் கேட்டேன். "அதே வண்டிதான் மத்தியானமும் ஓடுது. அப்ப ஒழுங்காத்தானே குடிக்குது" என்றார்.

பிப்ரவரி 11

நாளை நானே போய் ஏறிப் பார்க்கிறேன். அலாரம் நாலரைக்கு.

பிப்ரவரி 12

முன்கதவில் ஏறிக் கார்டைக் காட்டினேன். 'டிங்'. திரும்பினால் பின்கதவு திறந்திருக்கிறது. தூக்குவாளியும் தூக்கக் கண்ணுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள், ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். பின்கதவில் மெஷின் கிடையாது. எண்ணினேன். முன்கதவில் ஏறியவர்களோடு நாற்பத்து மூன்று, என்னைச் சேர்க்காமல்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கியதும் டிரைவரிடம் போனேன்.

"ஆளுக்கு அஞ்சு செகண்டும்மா அந்த மெஷின். இப்பவே ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்பதான் போய்ச் சேருது. நாப்பது பேர் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள ஆறு மணி ஆகி ஆஸ்பத்திரி கேட்டைச் சாத்திடுவான், அவங்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. எல்லார்கிட்டயும் மாசப் பாஸ் இருக்கு, யாரும் ஏமாத்தல." என்னை உற்றுப் பார்த்தார். "நீ சலவை அக்கா பொண்ணுதானே? கடைசி சீட்ல வீட்டுப்பாடம் எழுதுவியே. உங்க ரெண்டு பேருக்கும் இதே கதவைத்தானே திறந்துவிட்டேன்."

டிரைவர் மாமா. தலை நரைத்ததில் அடையாளம் தெரியவில்லை.

எப்படி மறந்தேன்? வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். சலவைக்கூடத்தில் சூடு ஆறாத விரிப்புகளின்மேல் பள்ளி நேரம் வரை படுத்துக் கிடப்பேன். சோப்பு வாசனை, அம்மாவின் ஈரக்கை நெற்றியில். எத்தனை வருஷம் அந்தப் பின்கதவில் ஏறியிருக்கிறேன்! ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். நான்தான் அந்தப் பல்லி.

பிப்ரவரி 13

சொன்னால் டிரைவர் மாமா மாட்டுவார்: கார்டு தேய்க்காமல் ஆளேற்றுவது விதிமீறல், அவர் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். சொல்லாவிட்டால் பஸ் போய்விடும். என்னதான் செய்ய? நானே இழுத்து விட்ட வினை.

அவரையே கேட்டுவிட்டேன். "நான்தான் திறந்துவிட்டேன்னே சொல்லு. வண்டியை நிறுத்திட்டா அவங்க எதுல போவாங்க?"

பிப்ரவரி 20

தினமும் ஏறிப் பென்சிலால் கோடு போட்டேன். 45, 41, 44, 38, 45, 43. தூக்கத்தில் கண் சொக்குகிறது. கடைசி சீட்டில் இன்னும் அதே குலுக்கல்.

பிப்ரவரி 27

குழுக் கூட்டம். முதலில் என் பழைய படத்தையே போட்டேன். "இது நான் சொன்ன கதை. தப்பு" என்றேன். பிறகு டீசல் கணக்கு. பிறகு என் பென்சில் கோடுகள், அழுக்குத்தாள் அப்படியே. கடைசியாக பஸ்ஸின் படம்: முன்கதவில் மெஷின், பின்கதவில் ஒன்றுமில்லை.

"முதல்லயே போய்ப் பாத்துட்டு இந்தப் படத்தைப் போட்டிருக்கலாமே" என்றார் மேலாளர். போட்டிருக்கலாம்தான். மூக்குடைந்தது, வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஓடும். பின்கதவிலும் மெஷின் வரும், கார்டைச் சீக்கிரம் படிக்கிற புதுசு. டிரைவர் மாமாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அதோடு விட்டார்கள். வெளியே வந்து அழுதேன்.

மார்ச் 3

டிரைவர் மாமா அந்தக் கடிதத்தை பஸ் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். "முப்பது வருஷத்துல ஆபீஸ்ல இருந்து எனக்கு வந்த மொதல் கடுதாசி. பத்திரமா வெக்க வேணாமா?"

மார்ச் 17

மூட்டுவலியோடு அம்மா நான்கு மணிக்கே எழுந்து தலைவாரி உட்கார்ந்திருந்தாள். "ஒரு தடவை போய்ட்டு வரலாம்டி." பின்கதவில் கைகொடுத்து ஏற்றினேன். புது மெஷினில் கார்டை வைத்தாள். 'டிங்'. திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள், பிறகு சிரித்தாள். கடைசி சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தாள்.

அலுவலகத்தில் முதல் வேலையாகப் பதிவைத் திறந்தேன். 5.20 நடை: நாற்பத்தேழு பேர். அம்மாவையும் என்னையும் சேர்த்து.